வீடியோவுக்கு விலை வைத்தது நாம்தான்

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தவனுக்கு 2025 ஜூன் 2 அன்று தண்டனை அறிவித்தார்கள். ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாது, 90,000 ரூபாய் அபராதம். சம்பவம் நடந்தது 2024 டிசம்பர் 23. ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு ஆறு மாதத்துக்குள் முடிவது நம் ஊரில் அதிசயம்தான். அன்றைக்கு என் டைம்லைன் முழுக்கப் பட்டாசு. சரி, சந்தோஷம். தண்டனையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னை இன்னும் உறுத்துவது, அவன் எதைச் சொல்லி மிரட்டினான் என்பது. வளாகத்துக்குள் ஒரு மாணவியும் அவளுடைய நண்பனும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவன் போய், உங்களை வீடியோ எடுத்துவிட்டேன், வெளியே விட்டுவிடுவேன் என்கிறான். யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் விருப்பப்பட்டுச் சேர்ந்து உட்கார்ந்திருப்பதில் என்ன குற்றம் இருக்கிறது? அங்கே தப்பு செய்தவன் ஒளிந்து நின்று படம் பிடிப்பவன் மட்டும்தான். ஆனாலும் நடுங்க வேண்டியது அவள். அப்படி ஒரு வீடியோ வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. படிப்பை நிறுத்துவார்கள், ஃபோனைப் பிடுங்குவார்கள், அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். நடைபாதையில் பிரியாணிக் கடை வைத்திருந்த ஒருவன், சமூகவியல் எதுவும் படிக்காமலே நம் குடும்பங்களை அளந்து வைத்திருந்தான்.

அந்தப் பெண் மறுநாளே புகார் கொடுத்தாள். அவன் கணக்கு தப்பியது அந்த ஒரு இடத்தில்தான்.

பொள்ளாச்சியில் இதையே ஒரு கும்பல் தொழிலாக வைத்திருந்தது. பழகுவது, காரில் ஏற்றுவது, வீடியோ எடுப்பது, அதைக் காட்டியே மறுபடி கூப்பிடுவது, பணமும் நகையும் கறப்பது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி வீட்டில் சொன்னாள். வீட்டார் அவள் மீது பாயாமல் அவள் பக்கம் நின்றார்கள். வழக்கு வெளியே வந்தது அதனால்தான். அதற்குள் சில ஆண்டுகள் ஓடியிருந்தன, எத்தனையோ பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட முடியுமா? வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவரவர் வீட்டை அறிந்துதான் முடிவெடுத்திருப்பார்கள். அந்தக் கும்பல் இத்தனை காலம் தைரியமாக இருந்ததற்கும் அந்த வீடுகள்தான் உத்தரவாதம்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கொடுத்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அரசுத் தரப்பு சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆறு வருஷம் கழித்தும் வந்து சாட்சி சொன்ன அந்தப் பெண்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது இந்த இரண்டு வழக்கிலும் அரசாங்கம் செய்த வேலையைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதலே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு, அதற்குப் பதிலாக இப்போதிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 72. பொள்ளாச்சி வழக்கில் மாவட்டக் காவல்துறையின் தலைமை அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் அச்சாகி வந்தது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஐந்து வருஷம் கழித்து அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கை பெயர், விலாசத்தோடு இணையத்தில் கிடந்தது. மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். இரண்டு ஆட்சி, இரண்டு கட்சி, ஒரே தொகை.

அறிக்கை வெளியானதற்குத் தொழில்நுட்பக் கோளாறு காரணம் என்றார்கள். இருக்கட்டும். அதை டவுன்லோட் செய்து குரூப் குரூப்பாகத் தள்ளிவிட்டது எந்தக் கோளாறு? பொள்ளாச்சி வீடியோவில் ஒரு பெண் "அண்ணா" என்று கெஞ்சும் குரல் தமிழ்நாட்டில் யார் ஃபோனுக்குத்தான் வரவில்லை? "ஐயோ பாவம், பாருங்க" என்று எழுதித்தான் அனுப்பினார்கள். கும்பல் எதைச் செய்வேன் என்று மிரட்டியதோ, அதை நாம் இலவசமாகச் செய்து கொடுத்தோம்.

அந்த முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்ட விதத்தையும் நீதிபதிகள் விடவில்லை. படித்தால் அவள்மீதே பழி விழுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று கண்டித்தார்கள். எழுதியவர் தனியாக ஒரு வில்லன் என்று நான் நினைக்கவில்லை. நம் தெருவில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் அதே நடையில்தான் சொல்வார்கள். "ராத்திரி எட்டு மணிக்கு அங்க என்ன வேலை?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. நிறைய பேர் மகள் வைத்திருப்பவர்கள், பயத்தில் கேட்கிறார்கள். ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் குற்றவாளிகள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தெரிந்தவர்கள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை ஆண்டுக்கு ஆண்டு சொல்லிக்கொண்டிருக்கிறது. உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார், காதலன், முதலாளி. வீட்டுக்குள்ளேயே நடந்தால் "வீட்ல என்ன வேலை" என்று கேட்பீர்களா? கேட்பதில்லை. அப்போது கேள்வி மாறிவிடும்: "இத்தனை நாள் ஏன் சொல்லல?"

நேரமும் இடமும் சும்மா சாக்கு. நண்பன் கூட இருந்தாளே, அதுதான் நெஞ்சில் குத்துகிறது. அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது, அவனோடு தனியாக இருக்க விரும்பினாள் என்கிற விஷயத்தை நாம் ஜீரணிக்க முடியாமல் தவிக்கிறோம். ஒருவனிடம் சரி என்று சொன்னவள் வேறொருவனிடம் மாட்டேன் என்று சொல்லலாம் என்பதும், அதே ஒருவனிடமே நேற்று சரி, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாம் என்பதும் நம் தலைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது.

சட்டத்துக்கே அது ஏற எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில், புகார் கொடுத்த பெண் பொதுவாகவே ஒழுக்கம் கெட்டவள் என்று குற்றம் சாட்டப்பட்டவன் நிரூபித்து அவள் பேச்சை நம்பாமல் செய்ய ஒரு பிரிவு இருந்தது. அதை நீக்கியது 2003இல். 130 வருஷம்! மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள்ளேயே இரண்டு போலீஸ்காரர்கள்மீது புகார் எழுந்த மதுரா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரா ஏழை ஆதிவாசிப் பெண், ஏற்கெனவே ஒருவனைக் காதலித்தவள். உடலில் காயமில்லை, கத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள், பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983இல் சட்டம் மாறியது. பெயரை வெளியிடக் கூடாது என்கிற அந்த 228ஏ பிரிவே அந்தப் போராட்டத்தின் வழியாக வந்ததுதான். பெண்ணியம் என்ன கிழித்தது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

அப்புறமும் இரட்டை விரல் பரிசோதனை தொடர்ந்தது. அவள் 'பழக்கப்பட்டவளா' என்று விரலை விட்டுப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். 2013இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்யச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி யார் செய்தாலும் அது தொழில் ஒழுங்கீனம் என்று சொல்ல வேண்டி வந்தது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நடந்துகொண்டேதானே இருந்தது?

இன்னொரு பழைய கதை. 2005இல் குஷ்பு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். பாதுகாப்பாக இருங்கள், மணப்பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்று படித்த ஆண்கள் எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் சாரம். துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அந்தத் துடைப்பம் ஏந்திய கைகளில் பாதி, ஒரு பாலியல் வன்கொடுமைக்கு எதிராக எப்போதாவது தெருவுக்கு வந்திருக்குமா என்பது என் சந்தேகம். விருப்பத்தோடு நடந்ததற்கு அத்தனை ஆத்திரம், விருப்பமில்லாமல் நடந்ததற்கு "அங்க என்ன வேலை".

2015இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு நீதிபதி, சிறுமியை வன்கொடுமை செய்து தண்டனை பெற்றவனை அந்தப் பெண்ணோடு சமரசம் பேச அனுப்பினார். அவள் குழந்தையோடு தனியாக வாழ்ந்துகொண்டிருந்தாள். அவள் மறுத்துவிட்டாள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் "கட்டி வச்சிடலாம்" என்பதும் இதே கணக்குதான். அவள் வலி அங்கே விசாரணைக்கே வருவதில்லை, கல்யாணச் சந்தையில் விழுந்த நஷ்டத்தைத்தான் நேர் செய்கிறார்கள். கல்யாணத்துக்குள் வந்துவிட்டால் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. புதிய சட்டமும் 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் செய்வதை வன்புணர்வு என்று ஏற்கவில்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழுவிலும் இருக்கிறேன். எங்களிடம் வருகிற பெண்கள் முதலில் கேட்பது "அவனுக்கு என்ன தண்டனை கிடைக்கும்" என்றில்லை. கதவைச் சாத்திவிட்டு, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "வீட்டுக்குத் தெரியாம பண்ண முடியுமா மேம்?" என்பார்கள். ஒருத்தி மட்டும் அம்மாவோடு வந்தாள். பழைய காதலன் ஒரு படத்தை வைத்து மிரட்டிக்கொண்டிருந்தான். அம்மா தையல் வேலை செய்பவர். எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அவனிடம் பேசினார். "போடுறதுன்னா போடு தம்பி. என் பொண்ணு உடம்பு, அவளுக்கு ஒண்ணும் கேவலமில்ல. நீ எடுத்து வச்சிருக்கதுதான் கேவலம். ஸ்டேஷன்ல பாப்போம்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. புகாரும் கொடுத்தார்கள். அவன் அப்புறம் கூப்பிடவில்லை. எங்கள் குழு கூடிக் கூடி எழுதிய எந்த அறிக்கையும் அந்த அரை நிமிஷப் பேச்சு செய்த வேலையைச் செய்ததில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பெயர் இல்லாமல் சொன்னேன். ஒரு அப்பா எழுந்து, "இப்படிப் பேசினா பொண்ணுங்களுக்குக் குளிர் விட்டுப் போகாதா மேடம்?" என்றார். போகட்டும் சார், குளிர் விட்டால்தான் உங்களிடம் வந்து சொல்வாள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு மட்டுமில்லை, ஊரே கூட நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டத்தில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்த மலையடிவாரக் கிராமம். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பெண்களைக் கைவிடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் துணைக்கு வந்தார்கள். பெண்கள் அதிகாரிகளை நேருக்கு நேர் அடையாளம் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 2011இல் உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. எதிரில் நின்றது அரசாங்கம், அவர்களிடம் பணமில்லை, படிப்பில்லை. ஆனால் "வெளியே சொல்லிடுவேன்" என்று அவர்களை யாரும் மிரட்ட முடியவில்லை. அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பொய்ப் புகாரும் வருகிறதே என்று கமெண்டில் ஆரம்பிப்பவர்களுக்கு: வருகிறது, எல்லாக் குற்றத்திலும் வருவது போல. விசாரணையும் நீதிமன்றமும் அதற்குத்தான் இருக்கின்றன. திருட்டுப் புகார் கொடுக்க வருபவரிடம் நீங்கள் இதைச் சொல்வதில்லை.

கடைசியாக, இதைப் படிக்கும் யாராவது இப்போது அந்த மிரட்டலில் மாட்டியிருந்தால்: பணம் அனுப்பாதீர்கள், சாட் பதிவுகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டால் சம்பந்தப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் சமூக ஊடக நிறுவனம் அதை நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லின, 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உடனடியாகப் பேச ஆள் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் சித்தியோ அக்காவோ ஒரு டீச்சரோ, யாராவது ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். என் இன்பாக்ஸும் திறந்துதான் இருக்கிறது.

இந்தப் பதிவுக்குக் கீழே எந்த வழக்கிலும் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ ஊரையோ யாராவது எழுதினால் அழித்துவிட்டு பிளாக் செய்வேன். சண்டைக்கு வராதீர்கள்.