குறட்டையை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி பற்றி உங்கள் கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். தூங்கும்போது மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனை மட்டும் ஒரே வரியில் போய்விட்டது. என் அண்ணியிடம் மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்டதே குறட்டையைப் பற்றித்தான். கழுத்துச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்தார். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுவது தெரிந்தது. அது தீவிர நிலை. சில வாரம் சீபேப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் மெஷின்) மாட்டித் தூங்கிய பிறகே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண் எரிகிறது என்று முதலில் கழற்றிப் போட்டுவிடுவார். சரியான அளவு மாற்றியதும் பழகிவிட்டது. மயக்க மருந்து தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்து மூச்சை மட்டுப்படுத்தும். அதனால் மெஷினை வீட்டில் விட்டுவிட்டு அட்மிட் ஆகாதீர்கள். எடை இறங்கியதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறுபடி டெஸ்ட் எடுத்துவிட்டு டாக்டர் சொன்னால் நிறுத்துங்கள்.