தொடங்கியவர்கள் தோட்டக்காரர்கள்

ஆஸ்திரியாவின் முதல் கால்பந்து கிளப்பான 'ஃபர்ஸ்ட் வியன்னா'வைக் கலைப்பொருள் சேகரிப்பாளர் நத்தானியேல் ரோத்ஸ்சைல்ட் பிரபுவே தொடங்கினார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. 1894 ஆகஸ்ட் 22 அன்று அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள், அவருடைய தோட்டங்களில் வேலை பார்த்த ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள். பூப்பாத்திகள் மிதிபடாமல் இருக்கத்தான் அவர் வேறு புல்வெளி கொடுத்தார் என்றொரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். ஆனால் அவர் ஆதரவாளராக இருந்ததும், அவருடைய குதிரைப் பந்தய வீரர்கள் அணிந்த நீலமும் மஞ்சளும் கிளப்பின் நிறங்களானதும் உண்மை. இன்றும் அதே நிறங்கள்தான். மண்ணில் உழைத்தவர்களின் பெயரைப் பிரபுவின் பெயரால் மறைத்துவிடுவது எனக்கு உறுத்துகிறது.

அவருடைய கலைத்தொகுப்பு இன்றும் வியன்னா அருங்காட்சியகங்களில் அப்படியே இருக்கிறது என்பதும் தவறு. 1905இல் அவர் இறந்தபின் அவருடைய சொத்துகளில் பெரும்பகுதி சகோதரர் மகன் அல்ஃபோன்ஸுக்குப் போனது. அல்ஃபோன்ஸின் தொகுப்பை 1938இல் நாஜிகள் பறித்தார்கள். போருக்குப் பின்னும் பல பொருள்கள் அரசு அருங்காட்சியகங்களிலேயே தங்கிவிட்டன. ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துக்கு அவை 1999இல்தான் திரும்பின. அவற்றில் பல அதே ஆண்டு லண்டனில் ஏலம் போயின. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.