புல் வெட்டியதற்கு விழாவா என்று கேட்டவருக்கு

எங்கள் நகராட்சியின் பூங்காப் பிரிவை நடத்திய மேடத்தின் பணி ஓய்வு விழாக் காணொளியின் கீழே வந்த வரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "புல் வெட்டித் தண்ணீர் ஊற்றியதற்கு இவ்வளவு பெரிய விழாவா?" அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பேசாமல் கடந்து போகத்தான் நினைத்தேன், முடியவில்லை. மேடம் பதில் சொல்ல மாட்டார், அவர் சுபாவம் அப்படி. அவருக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்தவன் நான், அதனால் நான் சொல்கிறேன்.

நகராட்சியின் பூங்கா, பொழுதுபோக்குப் பிரிவை நடத்துவது என்றால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். பூங்கா ஒருமுறை கட்டி முடித்துவிடுகிற விஷயம் கிடையாது. திறந்த மறுநாளே தேயத் தொடங்கிவிடும். ஊஞ்சலுக்கு அடியில் மணல் கொட்டுகிறோம். பிள்ளைகள் காலை உதைத்து உதைத்து, எந்த இடத்தில் விழுவார்களோ அந்த இடத்து மணல்தான் முதலில் விலகும். விளையாட்டுத் திடலில் நடக்கும் பெரிய காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுந்து ஏற்படுபவை. எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு ஆழம் மணல் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அதை அளக்கவும், விலகிய மணலை இழுத்துச் சேர்க்கவும், தேய்ந்த சங்கிலியை அறுவதற்கு முன்பே மாற்றவும் ஆள் வேண்டும். அந்த ஆள் வேலையைச் செய்தாரா என்று பார்க்க இன்னொருவர் வேண்டும். இதையெல்லாம் வருடக்கணக்கில் விடாமல் நடத்துவதற்குத்தான் தலைமை என்று பெயர். நடக்காமல் போன விபத்தை யார் படம் எடுத்துப் போடுவார்கள்?

ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு மேடை போட, பெரிய மரங்களின் அடி வரைக்கும் லாரியைக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். மேடம் முடியாது என்றார். மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. "ஒரு நாள்தானே, மரத்தில் ஒரு கீறல்கூட விழாது" என்றார்கள். மரம் தண்ணீரும் சத்தும் உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. லாரி ஏறினால் மண் இறுகும், காற்றும் நீரும் உள்ளே போகாது. மரம் அன்றைக்குச் சாகாது. சில வருடம் கழித்து உச்சிக் கிளை காயும்போது லாரியை எவரும் நினைக்க மாட்டார்கள், பூங்காக்காரர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். மேடம் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. பிடிவாதக்காரி என்று அன்று பெயர் வாங்கினார். அந்த மரங்களின் நிழலில்தான் இந்த விழாப் பந்தலே போட்டிருந்தார்கள், காணொளியைத் திரும்பப் பாருங்கள்.

"சம்பளம் வாங்கித்தானே செய்தார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சம்பளம் வாங்கித்தான் மருத்துவரும் ஆசிரியரும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெறும்போது இந்தக் கேள்வி வருவதில்லையே? சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவை ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கவனித்துக்கொண்டவர் ஜான் மெக்லாரன். 1943இல், தன் 96ஆம் வயதில் இறக்கும்வரை அந்த வேலையில் இருந்தார். அவருக்கு ஓய்வு வயது வந்தபோது அந்த ஊர் மக்கள் விடவில்லை. இன்று ஆயிரம் ஏக்கருக்கு மேல் பச்சையாகத் தெரியும் அந்த இடத்தில் பெரும்பகுதி முன்பு மணல்மேடு. பூங்காவில் சிலை வைப்பது அவருக்குப் பிடிக்காது, வைத்த சிலைகளைச் செடி வளர்த்து மறைத்தார். எனக்கு அதைப் படித்தபோது மேடம்தான் நினைவுக்கு வந்தார். எங்கள் பூங்காக்களில் திறந்து வைத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. காப்பாற்றியவரின் பெயர் எங்கேயும் கிடையாது. அவரும் கேட்டதில்லை. அதற்காக நீங்கள் கேவலமாகப் பேசலாமா?

"தனியாரிடம் கொடுத்தால் இதைவிட நன்றாக நடக்கும்" என்பவர்கள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைக் காட்டுகிறார்கள். சரி, பேசுவோம். 1970களில் நகராட்சி பணமில்லாமல் தவித்தபோது அந்தப் பூங்கா சீரழிந்தது உண்மை. 1980இல் தொடங்கிய தனி அறக்கட்டளை அதை மீட்டதும் உண்மை. ஆனால் அந்தப் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் யார்? கோடிகளில் நன்கொடை தரக்கூடியவர்கள். சின்னத் தெருவுக்குள் இருக்கும் அரை ஏக்கர் பூங்காவுக்கு யார் அறக்கட்டளை தொடங்குவார்கள்? அங்கே விளையாடும் பிள்ளைக்கு நகராட்சியை விட்டால் வேறு கதி இல்லை.

கழிப்பறை பூட்டிக் கிடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிடந்தது. காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி அவர் எழுதிய கடிதங்கள் கோப்பில் தூங்குகின்றன. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம், என் அப்பா. அம்மா போன பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். பொழுதுபோக்கு மையத்தில் முதியவர்களுக்குக் காலை உடற்பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு. இழுத்துக்கொண்டு போய் விட்டேன். கொஞ்ச நாளில் எனக்கு முன்னால் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார். அந்த வகுப்பை நிறுத்திவிட்டு, கூடத்தை வாடகைக்கு விட்டால் வருமானம் வரும் என்று ஒரு வருடம் முடிவே எடுத்துவிட்டார்கள். மேடம் கூட்டத்துக்குக் கூட்டம் போய் வாதாடி அதைக் காப்பாற்றினார். என் அப்பா அங்கே வருகிறார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், சன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அந்த மரத்தை யாரோ நட்டு, யாரோ பாதுகாத்திருக்கிறார்கள் இல்லையா? அந்த வேலையைத்தான் புல் வெட்டுவது என்கிறீர்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். மேடம் போன பிறகு அந்தப் பதவியை நிரப்பாமல் சாலைப் பிரிவோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உங்கள் சிரிப்புக்குறிகளைக் காட்டி, "மக்களே இதை ஒரு வேலையாக நினைக்கவில்லை" என்று அவர்களால் சுலபமாகச் சொல்லிவிட முடியும். பள்ளம் மூடுவதும் சாலை போடுவதும் தலைபோகிற அவசரம் என்று இருப்பவர்கள், ஊஞ்சல் சங்கிலியை எப்போது பார்ப்பார்கள்? மழைக்கு முன் பட்டுப்போன கிளைகளைக் கழிக்க யாரை அனுப்புவார்கள்? அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து நின்று கேட்கப் போகிறேன். சிரித்தவர்களும் வரலாம், வந்து அவர் நடத்திய பிரிவுக்காக ஒரு கையெழுத்துப் போடுங்கள்.