மூன்று படிகளையும் ரோடு விழுங்கிவிட்டது

2004ல் இந்த வீட்டைக் கட்டி முடித்தபோது ரோட்டிலிருந்து வாசலுக்கு மூன்று படி ஏறித்தான் வர வேண்டும். படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். அப்பா மேஸ்திரியிடம் சண்டை போட்டு வாங்கிய உயரம் அது. "எந்தக் காலத்திலயும் தண்ணி உள்ள வரக் கூடாது மேஸ்திரி, செங்கல் கூட ஆனாலும் பரவால்ல" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மேல் படியில் உட்கார்ந்துதான் காலையில் பேப்பர் படிப்பார்.

இப்போது அந்தப் படிகள் தாருக்கு அடியில் எங்கோ கிடக்கின்றன. கேட்டைத் திறந்தால் ரோட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். வீடு ஒரு அங்குலம்கூடத் தாழவில்லை. ரோடுதான் ஏறிக்கொண்டே போனது. முதலில் கிராவல் கொட்டினார்கள். அதன் மேல் ஜல்லி, அதன் மேல் தார். பிறகு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பழைய தாரின் மேலேயே புதுத் தார். ஒவ்வொரு முறையும் தெருவில் யாராவது போய்க் கேட்டோம். ஒவ்வொரு முறையும் "அடுத்த தடவை சுரண்டிட்டுப் போடுவோம் சார்" என்றார்கள்.

நான் புதிதாக ஒரு விதி கேட்கவில்லை. பழைய தாரை இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதுத் தார் போட வேண்டும், ரோட்டின் உயரம் கூடக் கூடாது என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். பேப்பரில் எல்லாம் வந்தது. எங்கள் தெருவில் அதைக் கொண்டாடாத குறைதான். இனி பிழைத்தோம் என்று நினைத்தோம். அதற்கப்புறமும் எங்கள் தெருவுக்குத் தார் வந்தது. சுரண்டும் இயந்திரம் மட்டும் வரவில்லை.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பதினொன்றரை மணிக்கு லாரி சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரோடு நனைந்து பளபளவென்று கிடக்கிறது, அதன் மேல் தார்க் கலவையைக் கொட்டுகிறார்கள். சூடான கலவை ஈரத்தில் பட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்புகிறது. தார் போடும்போது தரை காய்ந்திருக்க வேண்டும், பெருக்கிச் சுத்தம் செய்திருக்க வேண்டும், அடியில் ஒட்டுவதற்கு மெல்லிய தார்ப்பூச்சு அடித்திருக்க வேண்டும். இது ரோடு வேலைக்குப் போகும் எந்தப் பையனுக்கும் தெரியும். அங்கே இது மூன்றும் இல்லை. எதிர் வீட்டு வேப்பமரத்துச் சருகின் மேலேயே கொட்டி ரோலர் ஏற்றினார்கள்.

நின்றுகொண்டிருந்த மேற்பார்வையாளரிடம் போய், "தம்பி, மழையில போடுறீங்களே, பழைய ரோட்டைச் சுரண்டலையே, எஞ்சினியர் எங்க?" என்று கேட்டேன்.

"சார், நீங்க உள்ள போங்க. விடியறதுக்குள்ள மூணு தெரு முடிக்கணும். எஞ்சினியர் காலைல வந்து பாத்துப்பாரு."

காலையில் வந்து எதைப் பார்ப்பார்? தார் போட்டு முடித்த பிறகு மேலே நின்று பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். அடியில் பூச்சு அடித்தார்களா, எத்தனை மில்லிமீட்டர் கனம் போட்டார்கள், பழையதைச் சுரண்டினார்களா என்பதை வேலை நடக்கும்போது ஒரு ஆள் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்த ஆள் அன்றைக்கு ராத்திரி அங்கே இல்லை. அவருக்குச் சம்பளம் என் சொத்து வரியிலிருந்து போகிறது. சொத்து வரி ஒரு அரையாண்டு தள்ளிப்போனால் எனக்கு எஸ்எம்எஸ் வருகிறது, நோட்டீஸ் வருகிறது. என் தெருவில் ரோடு போடும்போது மட்டும் யாருக்கும் எதுவும் வராதா?

மறுநாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு. மதிப்பீடு எவ்வளவு, என்னென்ன வேலை, எவ்வளவு கனம், செய்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகத்தின் நகல், பட்டுவாடா ஆன தொகை, எத்தனை வருடத்துக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பு, எல்லாம் கேட்டிருந்தேன். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. அந்தக் காகிதத்தைப் படித்தபோது கை நடுங்கியது. தார்க் கனம் 40 மில்லிமீட்டர். பழைய தாரைச் சுரண்டியதற்குத் தனியாக ஒரு வரி, சதுர மீட்டர் கணக்கில், எங்கள் தெருவின் முழு நீளத்துக்கும். அதற்கு நேராகப் பணம். கீழே அளந்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, ஒப்புதல் கொடுத்தவர் கையெழுத்து.

மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு. சுரண்டும் இயந்திரத்தை ஒரு வீட்டுக்காரர்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பும் இடத்தில் இரண்டே மாதத்தில் தார் பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த ஓரத்தில் என் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 18 மில்லிமீட்டர். ஐந்தடி தள்ளி இன்னொரு இடத்தில் 21. ஒரு துண்டைக் கையில் எடுத்து அழுத்தினால் ஜல்லி தனித்தனியாக உதிர்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு வேப்பிலை அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது, நரம்பு நரம்பாகத் தெரிகிறது. அந்தச் சருகை யாரும் பெருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் இன்ஜினியரிங் படித்தவனில்லை. ஒரு ஸ்கேலும் குனிந்து பார்க்க ஒரு நிமிடமும் இருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் சம்பளம் வாங்கும் ஒருவரும் செலவழிக்கவில்லை.

ரோடு மட்டும் என்றால்கூட ஆற்றாமையை அடக்கிக்கொள்வேன். பூங்கா இடத்தில் நடந்ததை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

எங்கள் மனைப்பிரிவு ஆறு ஏக்கர். அப்பா பிளாட் வாங்கும்போது கொடுத்த வரைபடம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதில் வடகிழக்கு மூலையில் பச்சை வண்ணம் அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும். அதைக் காட்டித்தான் விற்றார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பிரித்தால், ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் இது இருக்கிறது. எங்கள் இடத்துக்கும் பத்திரம் எழுதினார்கள். நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. பத்திரத்தை வாங்கிக்கொண்ட அலுவலகம் அதை அலமாரியில் போட்டுவிட்டது. தாலுகா அலுவலகத்துக்குப் போய்ப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. சுற்றி நாலு கல் நட்டுக் கம்பி வேலி போடவில்லை, இது பொது இடம் என்று ஒரு பலகைகூட வைக்கவில்லை. இருபது வருடமாகப் பட்டா பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், மாட்டுப் பொங்கலுக்கு அங்கேதான் மாடு கட்டினோம், 2015 வெள்ளத்தில் எங்கள் தெருத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் போய் நின்றது. திடீரென்று ஒரு நாள் வாரிசுகளின் பெயருக்குப் பட்டா மாறியது. அப்புறம் விற்பனை. அப்புறம் மண் லாரி. ஒரே வாரத்தில் பள்ளம் மேடாகிச் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது.

புகார் எழுதிக்கொண்டு போனோம். உள்ளாட்சி அலுவலகத்தில், "பட்டா அவங்க பேர்ல இருக்கே, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். தாலுகா அலுவலகத்தில், "தானப் பத்திரத்தை வெச்சு அவங்க எங்களுக்கு எழுதவே இல்லியே" என்றார்கள். பதிவு அலுவலகத்தில், "பத்திரம் சரியா இருந்தா நாங்க பதிஞ்சுதான் ஆகணும்" என்றார்கள். மூன்று அலுவலகத்துக்கும் நடுவில் மொத்தம் எட்டு கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரில் ஒரு காகிதம் இருபது வருடமாகப் போய்ச் சேரவில்லை! எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. வெயிலில் மூன்று முறை எங்களோடு அலைந்தார். நாலாவது முறை, "நீங்க போயிட்டு வாங்கப்பா, என்னால முடியல" என்று பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாதது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியபோது அங்கிருந்த குடும்பங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க முடியாமல் ஒருவர் நகையை அடகு வைத்தார். மறு வருடம் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது, வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் என்று கடன் வாங்கிக் கட்டினார்கள். வளர்ச்சிக் கட்டணம் கட்டிய அந்த மனைப்பிரிவில் இன்று வரை ஒரு அடி மழைநீர் வடிகால் கிடையாது. நீரோட்டத்தை மறிக்கும் மனையை, பொது இடத்தில் விழும் மனையை வரன்முறை செய்யக் கூடாது என்று அதே திட்டத்தின் விதியில் இருக்கிறது. நேரில் வந்து பார்த்தால்தானே எது ஓடை, எது மனை என்று தெரியும்? ஓடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சந்து இருக்கிறது. மழை வந்தால் அங்கிருக்கும் தண்ணீர் மொத்தமும் எங்கள் தெருவுக்கு வந்து, ஏறிக்கிடக்கும் ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்குள் இறங்குகிறது.

போன கார்த்திகையில் எதிர் வீட்டு அம்மா ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார். கட்டில் கால் மூழ்கிவிட்டது, கேஸ் சிலிண்டர் மிதக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தோம். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு அவர் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல்படியின் குறுக்கே ஒரு அடி உயரத்துக்குச் சுவர் வைத்துக்கொண்டார். முட்டி வலியோடு தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறார். காசு இருப்பவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். பென்ஷனில் வாழும் அம்மாவுக்கு அந்த ஒரு அடிச் சுவர்தான் முடிந்தது.

தேர்ந்தெடுத்த ஆள் இருந்தால் கேட்கலாம் என்பார்கள். 2016 அக்டோபரில் கவுன்சிலின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் எல்லாம். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் தெருவுக்கு ஒருமுறை தார் போட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. சரி, இப்போது கவுன்சிலர் இருக்கிறார். நல்ல மனுஷர்தான், போன் எடுக்கிறார், குப்பை வண்டி வரவில்லை என்றால் அனுப்பி வைக்கிறார். ஆனால் "அளவைப் புத்தகம் எப்படிண்ணா நமக்குக் காட்டுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். வார்டுக்கு ஓட்டு வாங்கி வந்தவருக்கே தன் வார்டில் போட்ட ரோட்டின் கணக்கைக் காட்டவில்லை என்றால் அவரை எதற்குத் தேர்ந்தெடுத்தோம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். தகவல் என்றால் காகித நகல் மட்டுமில்லை. நடக்கும் வேலையை நேரில் போய்ப் பார்வையிடலாம், போட்ட பொருளிலிருந்து சான்றளித்த மாதிரி கேட்டு வாங்கலாம். 2005லிருந்து இந்த உரிமை நம் கையில் இருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரியும். தெரிந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி "நீங்க உள்ள போங்க" என்று சொன்னதும் பேசாமல் உள்ளே வந்திருக்க மாட்டேன். அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இரண்டாவது மனுவைப் போட்டுவிட்டேன். எங்கள் தெருவில் மூன்று இடத்தில் தாரைத் துளைபோட்டு மாதிரி எடுக்க வேண்டும், எடுக்கும்போது நான் உடன் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வீட்டில் இருபத்தொரு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக அதே மனுவைப் போட்டிருக்கிறார்கள். எதிர் வீட்டு அம்மாவும் போட்டிருக்கிறார். பூங்கா இடத்துக்குத் தானப் பத்திர நகலோடு கலெக்டருக்கும் எழுதியாகிவிட்டது.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டம் நடத்துகிறார்கள். போன முறை பத்து பேர்தான் போனோம், டீயும் பிஸ்கட்டும் கொடுத்துத் தெருவிளக்குப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள். இந்த முறை வேப்பிலை பதிந்த அந்தத் தார்த் துண்டைப் பாலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன், உதிராமல். அதையும் ஸ்கேலையும் மேசை மேல் வைப்பேன். 40 மில்லிமீட்டர் என்று கையெழுத்துப் போட்டவர் எல்லோர் முன்னாலும் அதை ஒருமுறை அளந்து சொல்லட்டும்.