கிட்டங்கியில் படுத்தவர்களும் சுகமாக இல்லை

சிங்கப்பூர் சம்பளம் கையில் நிற்பதில்லை என்று உங்கள் இதழில் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரிதான். இங்கே 7 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2023-ல் 8, 2024-ல் 9 என்று ஏறிவிட்டது. விலைவாசியைச் சமாளிக்க அரசு தரும் சிடிசி வவுச்சர், அதாவது கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் கூப்பன், குடிமக்கள் வீடுகளுக்குத்தான். சரி, அவர்கள் நாடு.

ஆனால் அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டார் சுகமாக இருந்தார்கள் என்கிறாரே, அதை ஏற்க மாட்டேன். எங்கள் ஐயா, செட்டியார்கள் வட்டித் தொழில் செய்து அங்கேயே தங்கிய இடமான சிங்கப்பூர் மார்க்கெட் தெரு கிட்டங்கியில் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் காரைக்குடி. நான் தினமும் வீடியோ காலில் ஆத்தாவைப் பார்க்கிறேன். நேற்று முற்றத்தில் காயும் வற்றலைக் காட்டி, "எப்பய்யா வர்றே?" என்று கேட்டார். தைப்பூசத்துக்கு என்றேன். டிக்கெட் விலையை இன்னும் பார்க்கவில்லை.