விலையில்லாக் காலத்தில் குதிரைக்குட்டி எடுப்பது பற்றி

குதிரைக்கு விலை இல்லாத காலத்தில், கொட்டகையில் பெட்டைக் குதிரை நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை இணை சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. கொங்கு நாட்டில் குதிரை வளர்க்கும் நண்பர்கள் பலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2012-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் ஏறத்தாழ 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. இதைச் சுட்டிக்காட்டி, இனம் அழிகிறது, ஆகவே இன்னும் அதிகமாகக் குட்டி எடுக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குட்டி பிறக்காததால் குதிரை குறையவில்லை. வண்டி இழுக்கும் வேலை போனதால் குறைந்தது. வேலை திரும்பி வராதபோது எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் அவற்றுக்குத் தீனி போடப் போவது யார்?

நம் பக்கம் இன்று குதிரை வாங்குகிறவர்கள் சவாரி பழகுகிறவர்கள், பந்தய வண்டி வைத்திருப்பவர்கள், ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள், ஆசைக்கு வளர்ப்பவர்கள் ஆகியோர்தான். இவர்களில் பெரும்பாலோர் கையில் பணம் இறுகினால் முதலில் கைவிடுவது குதிரையைத்தான். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளையும் வெள்ளை நொக்ரா குதிரைகளையும் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தேவை பெருகிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி படம் எடுக்க வந்தது.

இதில் காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். இந்த ஆடியில் இணை சேர்த்தால் அடுத்த ஆனி வாக்கில் குட்டி விழும். அது சேணம் தாங்கும் அளவுக்கு எலும்பு முற்ற மூன்று ஆண்டுகளாவது வேண்டும். ஆகவே இன்று சேர்க்கிறவர் நான்கு ஆடிகள் கழித்து வரப்போகும், தான் அறியாத ஒரு சந்தைக்காகச் சேர்க்கிறார். அதுவரை தீனி போட்டாக வேண்டும்; வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை உலர்தீவனம் வேண்டும். கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் தழைத்திருக்கும் ஆண்டில் இது பெரிதாகத் தெரியாது; ஐப்பசி மழை பொய்த்த ஆண்டில் சோளத்தட்டு விலை கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஆடு வளர்த்துப் பழகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. விற்காத கிடாய்க்கு எப்படியும் கறிக்கடை இருக்கிறது என்பதால், குட்டி மிஞ்சினால் என்ன செய்வது என்று நாம் யோசிப்பதில்லை. நம் நாட்டில் குதிரைக்கு அந்த வழி கிடையாது, 25 ஆண்டுகள் வரை உயிரும் வாழும். விலை போகாத குதிரை கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் தீனி குறைந்து, கடைசியில் ஊட்டிச் சாலைகளில் நாம் பார்ப்பதைப் போல மாலையானதும் குப்பைத்தொட்டியைக் கிளறுகிறது. "ஒரே ஒரு குட்டி மட்டும் எடுத்துக்கறனுங்க" என்று கேட்கிறவரிடம், அது விற்காவிட்டால் கடைசி வரை உங்கள் கொட்டகையில் இடம் உண்டா என்று மட்டும் நான் கேட்பேன்.

இடம் உண்டு என்பவரும் எதை எதோடு சேர்க்கிறோம் என்று பார்த்தாக வேண்டும். காங்கேயம் மாட்டுக்குப் பெயர் வந்ததற்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொறுக்கியெடுத்துப் பெருக்கியது பெரிய காரணம் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பொறுக்கியெடுப்பது என்றால் பலவற்றை ஒதுக்குவதும்தானே! ஆனால் குதிரை விஷயத்தில் சுழியையும் நிறத்தையும் பார்க்கும் அளவுக்குக் காலையும் குளம்பையும் நாம் பார்ப்பதில்லை. வெள்ளை மோகம் இதில் மோசமானது. நொக்ராவின் இளஞ்சிவப்புத் தோல் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெந்துபோகிறது. கருமையாகப் பிறந்து வயதாக ஆக வெளுக்கும் குதிரைகளுக்கோ, 15 வயதுக்கு மேல் வாலடியில் கருங்கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். கோணல் காலோடு நிற்கும் ஆண் குதிரையை, வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கை விடுவது வருமானமாக இருக்கலாம், வளர்ப்பு ஆகாது.

இணை சேர்க்கும் முன் இரண்டு குதிரைகளுக்கும் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆண் குட்டிகளைப் பற்றித்தான் அதிகம் சண்டை வரும். பொலிக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு, நிறுத்தத் தகுதியானவை மிகச் சில; மற்றவற்றை ஒன்று, இரண்டு வயதுக்குள் மருத்துவரைக் கொண்டு முறையாக மயக்க மருந்து கொடுத்துக் காயடித்துவிட வேண்டும் என்கிறேன். காயடித்தால் விலை போகாது, கம்பீரம் போய்விடும் என்பார்கள். கடிக்கும், மிரளும், பெட்டையைக் கண்டால் கயிற்றை அறுக்கும் ஒரு குதிரையைப் பிள்ளைகளுக்குச் சவாரி பழக எந்தப் பெற்றோரும் வாங்குவதில்லை. சவாரிப் பள்ளிகள் தேடி வந்து கேட்பது காயடித்த, சாதுவான குதிரைகளைத்தான். இந்த மந்தச் சந்தையில் ஓரளவாவது நிலையான தேவை அங்கேதான் இருக்கிறது.