மீசை வைத்தவன் எந்த அகலத்தில் கத்தி வாங்குவது?

மடக்குச் சவரக்கத்தி வாங்கப் போகிறேன், பெரியதா சின்னதா என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி மாளவில்லை, அதனால் இங்கேயே கொட்டிவிடுகிறேன். சலூனில் பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகி மழிக்கிறார்களே, அந்தக் கத்தியைப் பற்றிய பதிவு இல்லை இது. கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்து, வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிற முழு எஃகுக் கத்தி. நம் ஊர் சலூன்களிலும் ஒரு காலத்தில் அதுதான் இருந்தது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்று சென்னையில் கண்டறியப்பட்ட பிறகு ஆளுக்கொரு புது பிளேடு என்ற எண்ணம் பரவியது, பழைய கத்திகள் பெட்டிக்குள் போய்விட்டன. நல்லதுதான். வீட்டில் வைத்திருந்தாலும் அண்ணன் தம்பிக்குக்கூட இரவல் தராதீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5/8 அங்குல அகலம், உருண்ட முனை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள்.

பெரியது, சின்னது என்று இங்கே பேசுவது நீளத்தை அல்ல. நீளம் எல்லாவற்றிலும் மூன்று அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். முதுகிலிருந்து கூர் வரை உள்ள அகலம்தான் கணக்கு. ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காக்கிச் சொல்வார்கள். 4/8 என்றால் 13 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 5/8 என்றால் 16, 6/8 என்றால் 19, 7/8 என்றால் 22, 8/8 முழு அங்குலம். கடையில் புதிதாக வருவதில் பெரும்பாலும் 5/8, 6/8தான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் முதுகு. இந்தக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது கோணம் பார்க்கவே வேண்டாம், முதுகும் கூரும் இரண்டும் கல்லைத் தொடும்படி படுக்கப் போட்டு இழுத்தால் போதும், கூரின் கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானித்துவிடும். அதனால் அகலம் கூடினால் முதுகும் தடித்தாக வேண்டும். ஏறக்குறைய அகலத்தில் கால் பங்கு, அல்லது அதற்குச் சற்று மேலே. இரண்டும் சேர்ந்து கூடுவதால் 5/8லிருந்து 8/8க்குப் போகும்போது எடை நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறுகிறது. படத்தில் பார்த்து ஆசைப்பட்டவர்கள் கையில் வாங்கியதும் முழிப்பது இதனால்தான்.

சரி, அகலமான கத்திக்கும் நியாயம் உண்டு. நுரையை நிறையத் தாங்கும், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை துடைக்க வேண்டியதில்லை. கோணத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. கத்தியைத் தோலிலிருந்து 30 டிகிரி சாய்வில் பிடிக்கிறோம் என்று வையுங்கள், 5/8இல் முதுகு கன்னத்திலிருந்து 8 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும், 7/8இல் 11. கை ஒரு மில்லிமீட்டர் ஆடினால் முன்னதில் கோணம் 4 டிகிரி மாறிவிடும், பின்னதில் 3தான். கன்னம் முழுக்க ஒரே சமதளமாக இருந்திருந்தால் நானே 7/8 வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் தாடை மூலை இருக்கிறது, குரல்வளை மேடு இருக்கிறது, தாடைக்குக் கீழே கழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் அகலமான கத்தியைத் திருப்ப இடமே இருக்காது.

வெளிநாட்டுக்காரர்கள் வீடியோக்களில் சின்னக் கத்திக்குச் சொல்கிற பெரிய காரணம் மூக்குக்கு அடியில் நுழையும் என்பது. 7/8இன் தடித்த முதுகு மூக்கில் போய் இடிக்கும், 4/8 இடிக்காது. உண்மைதான், ஆனால் அது மீசையை மழிக்கிறவனின் கவலை. நம்மில் பாதிப் பேருக்கு மேல் அந்த இடத்தில் கத்தியே வைப்பதில்லையே! அப்படியானால் நமக்கு அகலமானதே போதுமா என்றால், அதுவும் இல்லை. நமக்கு வேண்டியது கோடு. மீசையின் ஓரம், மேலுதட்டை ஒட்டிய விளிம்பு, கிருதாவின் அடி. கத்தியின் நுனி எந்த முடியில் நிற்கிறது என்று கண்ணாடியில் தெரிந்தாக வேண்டும். அகலமான கத்தி அந்தக் கோட்டையே மறைத்துவிடும். ஒரு பக்கம் சரிபார்த்து, இன்னொரு பக்கம் சரிபார்த்து, கடைசியில் மீசை பாதியாகிவிட்ட கதை ஊரெல்லாம் உண்டு.

அப்படியென்றால் 4/8 எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கோட்டுக்கு அருமை, கன்னத்துக்கு வெறும் தொல்லை. இலேசாக இருப்பதால் கை தானாக அழுத்தத் தொடங்கும், அழுத்தினால் எரிச்சல். இன்னொன்று, புதிதாக 4/8 வாங்குகிறவர்கள் குறைவு. சந்தையில் கிடைக்கும் பழைய 4/8களில் நிறைய ஒரு காலத்தில் 5/8 ஆக இருந்து, தீட்டித் தீட்டித் தேய்ந்தவை. முதுகின் இரண்டு பக்கமும் பளபளவென்று தட்டையாக ஒரு பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். பட்டை அகலமாக இருந்தால் கத்தி நிறையத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கூர் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம், கூரின் நடுப்பகுதி கல்லையே தொடாது.

அகலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பக்கவாட்டை எப்படி அரைத்திருக்கிறார்கள் என்பது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19ஆம் நூற்றாண்டில் செய்த பெருங்கத்திகள் பல, குறுக்குவெட்டில் பார்த்தால் ஆப்பு மாதிரி. சேகரிப்பவர்கள் அவற்றைக் கறி வெட்டும் கத்தி என்றே செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் இரண்டு பக்கமும் குழித்து அரைப்பதில் பேர் வாங்கியது, சோலிங்கன் என்ற பெயரை அந்த வட்டாரத்தில் செய்த கத்தி, கத்தரிகளுக்கு மட்டும்தான் போடலாம் என்று 1938இலிருந்து சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. முழுக்கக் குழித்த கத்தியின் கூர்ப்பக்கம் அவ்வளவு மெலிசு, கன்னத்தில் இழுக்கும்போது ஒவ்வொரு முடியும் அறுபடுவது சரசரவென்று காதில் கேட்கும், பெருவிரல் நகத்தால் பட்டும் படாமல் தட்டினால் ரீங்காரமிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முரட்டுத் தாடியில் அது கொஞ்சம் அதிரும். நம் ஆட்களுக்கு அரைவாசி குழித்தது தோது. என் தாடி கம்பி மாதிரி, கனமான கத்திதான் சரிப்படும் என்கிறவர்கள் முதலில் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிஷம் முகத்தில் போட்டுப் பார்க்கட்டும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சதுர முனை கிருதாவுக்கும் மீசை ஓரத்துக்கும் அற்புதம், காது மடலுக்கு எமன். பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது துரு. இந்தக் கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகு, சென்னை, தூத்துக்குடி ஈரக்காற்றில் குளியலறையில் விட்டால் ஒரே ராத்திரியில் கூரில் புள்ளி விழும். துடைத்துக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிவிடும்.

அடுத்து தோல் வார் எந்த அகலம் என்று கேட்பீர்கள். மூன்று அங்குலம் வாங்கினால் கத்தியை நேராக இழுக்கலாம். இரண்டு அங்குலம் என்றால் ஒவ்வொரு இழுப்பிலும் குறுக்காகக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கமோ முனையோ வாரில் படாமலே போகும். அதில் மட்டும் பெரியதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.